லாரியோடு சேர்ந்து இறங்க வேண்டாம்: புதிய சுரங்கப்பாதையில் 5 மாதம்

ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போகும் எங்கள் சுரங்கப்பாதையை இடித்துக் கட்டித் திறந்து 5 மாதம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, சைக்கிளில் அதைக் கடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நடந்து போவேன். சில நாள் என் ஒன்பது வயது மகனும் அவன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். திறந்த வாரத்திலேயே எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் வெயில், மழை, இருட்டு எல்லாவற்றிலும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் நியாயம் என்று காத்திருந்தேன்.

எனக்குத் தையல் வேலை. பையில் எப்போதும் இஞ்ச் டேப் கிடக்கும். கீழே சொல்லும் அகலம், இடைவெளி எல்லாம் நானே குனிந்து அளந்தவை. ஆழமும் உயரமும் மட்டும், வேலை நடந்தபோது அங்கே வைத்திருந்த வரைபடப் பலகையிலிருந்து குறித்துக்கொண்டவை.

பழைய பாதை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புதியதில் என்ன மாறியிருக்கிறது என்று புரியும். முன்பு எல்லோருக்கும் ஒரே குழி. பஸ், லாரி, ஸ்கூட்டர், சைக்கிள், நடக்கிறவர்கள் எல்லோரும் அதே குழியில் இறங்கி ஏற வேண்டும். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்டு இருந்தது. நடக்கிறவர்களுக்கு இருந்த இடம் அவ்வளவுதான். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் ரோட்டில் இறங்கியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் என்னைத் தாண்டியது. அதன் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டு நான் சுவர்ப் பக்கம் சாய்ந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுவரில் உரசித் தோல் போய்விட்டது. அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அங்கே ஒதுங்க இடமில்லை. இரண்டு பேரையும் அப்படி நெருக்கியது அந்த இடம்தான். அன்றிலிருந்து அந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

இப்போது புதியது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் இனிமேல் லாரி இறங்கும் ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை. வண்டிகள் போகும் ரோடு 5.4 மீட்டர் கீழே இறங்குகிறது. நம் பாதை அதன் பக்கத்திலேயே, திண்ணை மாதிரி உயரத்தில் ஓடுகிறது. அது 3 மீட்டர்தான் இறங்குகிறது. காரணம் எளிமையானது. லாரி நுழைய வேண்டுமானால் ரோட்டுக்கும் மேலே பாலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே 5 மீட்டர் இடைவெளி வேண்டும். சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவருக்கு இரண்டரை மீட்டர் இருந்தால் தாராளம். இங்கே 2.6 மீட்டர் விட்டிருக்கிறார்கள். அவ்வளவு ஆழம் லாரிக்குத்தான் தேவை. அதற்காக மனிதர்களையும் அந்த ஆழம் வரை இறக்கி, மூச்சு வாங்க ஏற்றிவிட வேண்டிய அவசியமே இல்லை. நெதர்லாந்துக்காரர்கள் வெகுகாலமாக இப்படிக் கட்டுகிறார்கள். நான் இதைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். காலால் மிதித்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை முழுதாகத் தெரிந்தது.

5.4 மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். 3 மீட்டர் ஒரு மாடி. போக வர இரண்டு தடவை ஏறுகிறேன் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேலை நாளும் ஒன்றரை மாடிக்கு மேல் ஏற்றம் எனக்கு மிச்சம். நாள் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு வரும் காலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பழைய பாதையில் நான் இறங்கித் தள்ளிய சைக்கிள் இப்போது ஒரு நாளும் இறங்காமல் ஏறுகிறது.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஆழம் குறைந்தால் வேகமும் குறையும். மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் 5.4 மீட்டர் உருண்டு இறங்கினால், உரசலையும் காற்றையும் விட்டுவிட்டுப் போடும் கணக்கில், அடியில் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர் வரும். 3 மீட்டர் இறங்கினால் 28. டயரும் காற்றும் பிடித்துக்கொள்வதால் நிஜத்தில் இதைவிடக் குறைவுதான். என் போனில் பார்த்தபோது 22, 23 காட்டியது. குழந்தைகள் இறங்கும் பாதையில் இந்த 9 கிலோமீட்டர் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

சரிவையும் நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 2.3 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டியது. அதாவது 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏற்றம். அதையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், நடுவில் 5 மீட்டர் நீளத்துக்குச் சமதளம் விட்டிருக்கிறார்கள். பிரிட்டன் அரசு 2020இல் வெளியிட்ட சைக்கிள் பாதை வழிகாட்டியில் இதற்குக் கணக்கு உண்டு: 5 சதவீதச் சரிவு என்றால் 30 மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும், 4 சதவீதம் என்றால் 50 மீட்டருக்குள். இங்கே ஒவ்வொரு துண்டும் சுமார் 37 மீட்டர். சக்கர நாற்காலிக்கு அமெரிக்க விதிகள் அதிகபட்சம் 12க்கு 1 வரை சரிவை அனுமதிக்கின்றன. இது 25க்கு 1. கையால் தள்ளி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, யார் உதவியும் கேட்காமல் மேலே வந்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பழைய பாதை வழியாக அவர் வரவே மாட்டார். "அந்தக் குழிக்குள்ள நான் வரலடி, நீ போயிட்டு வா" என்று ஏழெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கைப்பிடிக் கம்பி இரண்டு உயரத்தில் இருக்கிறது. மேல் கம்பி பெரியவர்களுக்கு, கீழ்க் கம்பி குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலிக்கும். கம்பி கடைசி வரை அறுபடாமல் போகிறது. முதல் நாள் அம்மா நடுச் சமதளத்தில் நின்று கீழே போகும் லாரியின் கூரையைப் பார்த்தார். "இதெல்லாம் இவ்வளவு உயரமா இருக்குமாடி?" என்று கேட்டார். அவ்வளவு வருடம் அவர் அந்த லாரியின் சக்கரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

அகலம் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிளுக்கு 3 மீட்டர், நடப்பதற்கு 2 மீட்டர். நார்வேயின் பெர்கன் நகரத்தில் 2023இல் திறந்த, மலையைக் குடைந்த கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் சைக்கிள் சுரங்கத்திலேயே சைக்கிளுக்கு 3.5, நடப்பவர்களுக்கு 2.5 மீட்டர்தான். அதோடு ஒப்பிட்டால் இது நல்ல தாராளம். ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். சைக்கிள் தடத்தின் நடுவே கோடு போட்டு ஆளுக்கு ஒன்றரை மீட்டர் என்று சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். தையலில் அளவு எடுக்கும்போது கையை மடக்கச் சொல்லி, தூக்கச் சொல்லித்தான் எடுப்போம். அசையாமல் நிற்கும் உடம்புக்குத் தைத்த சட்டை நடக்கும்போது அக்குளில் பிடிக்கும். சைக்கிளும் அப்படித்தான். சமதளத்தில் வேகமாகப் போகும்போது நேராகப் போகும். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய, விழாமல் இருக்க ஹாண்டில் இரண்டு பக்கமும் ஆடும். எனக்கு இரண்டு முழங்கைக்கும் நடுவே 72 சென்டிமீட்டர். ஏற்றத்தில் நான் ஆடும் ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஒன்றரை மீட்டரில் என்னைத் தாண்ட நினைப்பவர் கோட்டைத் தாண்டி, எதிரே இறங்கி வருகிறவரின் பக்கம் போகத்தான் வேண்டும். நடுக்கோட்டை 25 சென்டிமீட்டர் நகர்த்தி, ஏறுகிறவருக்கு 1.75, இறங்குகிறவருக்கு 1.25 என்று கொடுத்திருக்கலாம். பெயின்ட் செலவோடு முடிகிற வேலை. சரிவு தலைகீழாக மாறும் அடிப்பகுதியில் மட்டும் கோட்டை மெதுவாக வளைத்துக்கொண்டு போக வேண்டும்.

நடைபாதைக்கும் சைக்கிள் தடத்துக்கும் நடுவில் போட்டிருக்கும் விளிம்புக் கல் எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. வழக்கமாகச் செங்குத்தாக நிற்கும் கல்லைத்தான் பார்த்திருப்போம். அதன் பக்கத்தில் போனால் பெடல் கீழே வரும் நேரத்தில் கல்லில் இடித்து ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அந்தப் பயத்தில் யாரும் அதை ஒட்டிப் போக மாட்டார்கள். கடைசி முப்பது நாற்பது சென்டிமீட்டர் அகலம் இருந்தும் உபயோகமில்லை. இங்கே கல் 6 சென்டிமீட்டர் உயரம்தான், அதுவும் சாய்வாகச் செதுக்கியது. தவறி ஏறினாலும் சக்கரம் மெதுவாக ஏறி இறங்கிவிடுகிறது. நடப்பவர்களுக்கு ஒரு மட்ட வித்தியாசம் காலில் படுகிறது. கைத்தடியோடு வருகிறவருக்கும் அந்த விளிம்பு பிடிபடுகிறது.

ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு மீட்டர் உயர கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி வேலி. வெறும் பெயின்ட் கோடு லாரியை நிறுத்தாது. இந்தச் சுவர் நிறுத்தும். முழு உயரத்துக்கும் சுவராக எழுப்பாமல் மேலே கம்பியாக விட்டதற்காகக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவசர வேலை இருக்கும் நாளில் இரவு 9 மணிக்கு மேல்தான் திரும்புவேன், தனியாக. மூடிய குழாய் மாதிரி இருந்தால் அந்த நேரத்தில் உள்ளே நுழையவே மனம் வராது. கம்பி வேலி வழியாக ரோட்டில் போகிற எல்லோருக்கும் நான் தெரிகிறேன். நுழையும்போதே மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறது. நடுவில் வளைவு இல்லை, ஒளிந்து நிற்கத் தூண் இல்லை, சுவரில் குழிந்த மூலை இல்லை. பக்கச் சுவர் நேராக நிற்காமல் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் நெஞ்சை அடைக்கிற உணர்வு வருவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை சத்தமும் புகையும். ரோட்டில் நெரிசலாகும் சாயங்கால நேரத்தில் உள்ளே பேசினால் கேட்காது, தொண்டை கரகரக்கும். என்னைக் கேட்டால், யாரும் பார்க்காத அமைதியைவிட எல்லோரும் பார்க்கிற சத்தத்தையே எடுத்துக்கொள்வேன்.

வெளிச்சத்தில் ஆரம்பத்தில் ஒரு தவறு நடந்தது. பகலில் விளக்கு எதற்கு என்று அணைத்து வைத்திருந்தார்கள். கொளுத்தும் வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் இறங்கும்போது இரண்டு மூன்று வினாடிக்குக் கண் எதையும் பிடிக்காது. அந்த இரண்டு மூன்று வினாடியில் சைக்கிள் பதினைந்து மீட்டர் போய்விடும். வண்டிகள் போகும் சுரங்கங்களில் பகலில் வாய்ப்பகுதியில்தான் அதிக வெளிச்சம் வைப்பார்கள். இரவில் அங்கே குறைத்துவிடலாம். இரண்டாவது மாதத்தில் இங்கேயும் அப்படிச் சரிசெய்துவிட்டார்கள். அதோடு, இரண்டு தண்டவாளப் பாலங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு அங்கே வானம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் அந்த வழியாக ஒரு பட்டை வெயில் பாதையில் விழும். என் மகன் தினமும் அந்த இடத்தில் மணி அடிப்பான்.

மழை வந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஆரம்பித்த மழை விடவே இல்லை. நான் கிளம்பியபோது மணி எட்டரை. கீழே ரோட்டில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. தண்ணீரை இறைக்கும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் வரத்து அதைவிட அதிகம். இரண்டு கார்கள் திரும்பிப் போயின. நம் பாதை 2.4 மீட்டர் உயரத்தில், ஈரமாக இருந்ததே தவிர, தண்ணீர் நிற்கவில்லை. சரிவு ஆரம்பிக்கும் இடத்திலேயே குறுக்கே ஒரு வடிகால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரை உள்ளே இறங்க விடாமல் தடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வழியாக நடந்து வீட்டுக்குப் போன கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களும் இருந்தார்கள். பழைய குழியாக இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போயிருப்போம், அல்லது, நான் முன்பு ஒரு தடவை செய்த மாதிரி, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீரில் இறங்கியிருப்போம்.

ஆனால் அதே வடிகாலில்தான் ஆபத்தான ஒரு பிழையும் இருக்கிறது. மேற்கு வாயில் வடிகால் மூடியின் கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்கின்றன. அதுதான் சரி. கிழக்கு வாயில் மூடியைத் தவறாகச் செய்து மாட்டிவிட்டார்கள். கம்பிகள் சக்கரம் உருளும் திசையிலேயே நீளமாக ஓடுகின்றன. இரண்டு கம்பிக்கு நடுவே 3 சென்டிமீட்டர். என் டயர் 35 மில்லிமீட்டர் அகலம், அதனால் தப்பித்தேன். 25 மில்லிமீட்டர் டயர் போட்ட மெல்லிய சைக்கிள் அதில் இறங்கினால் முன்சக்கரம் அப்படியே சிக்கிக்கொள்ளும், ஆள் ஹாண்டிலுக்கு மேலே போய் விழுவார். மூடியைக் கழற்றித் திருப்பிப் போட முடியாதபடி அது நீளவாக்கில் செய்தது. புதிதாக வார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

அதே மழையில் இன்னொன்றும் தெரிந்தது. பாலத்தின் மூட்டுக்கு நேர் கீழே நீர்க்கசிவு இருக்கிறது. அங்கே பாதையில் பாசி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பிரேக் பிடிக்கும் இடமும் அதுதான்.

ஏன் அங்கே பிரேக் பிடிக்க வேண்டும்? சரிவின் அடியில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவர் ஓரமாக மேலிருந்து ஒரு படிக்கட்டு இறங்குகிறது. ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்களுக்குக் குறுக்கு வழி. நடைபாதை ரோட்டுப் பக்கம் இருப்பதால், படியில் இறங்குகிறவர் சைக்கிள் தடத்தைக் கடந்துதான் நடைபாதைக்கு வர வேண்டும். படிக்கட்டின் பக்கச் சுவர் அவரை முழுக்க மறைக்கிறது. கடைசிப் படியில் கால் வைத்தவரைச் சைக்கிளில் இறங்கி வரும் நான் 8 மீட்டர் தூரத்தில்தான் பார்க்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி எடுத்தால் அதற்குள் பத்து மீட்டர் போயிருக்கும். ஈரமான தரையில் நிற்க இன்னொரு பத்து மீட்டர். ஆக 20 மீட்டர் பார்வை வேண்டிய இடத்தில் 8 மீட்டர் இருக்கிறது. ஒரு குவி கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். இரவில் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுக் கண் கூசுகிறது. அந்தச் சுவரின் கடைசி மூன்று மீட்டரை இடித்துக் கம்பியாக மாற்றினால் கண்ணாடியே தேவைப்படாது. அதுவரைக்கும் நான் அந்த இடத்தில் மணி அடித்து, நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுகிறேன். (அந்தப் படிக்கட்டின் ஓரத்தில் சைக்கிளைத் தள்ளி ஏற்ற ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சுவருக்கு மிக அருகில் இருப்பதால் பெடலும் ஹாண்டிலும் இடிக்கின்றன.)

இப்போது கிழக்கு வாய். இத்தனை யோசித்துக் கட்டிய ஒரு பாதை அங்கே வந்ததும் நம்மைக் கைவிட்டுவிடுகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

மேற்கு வாயில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன். அங்கே நம் பாதை பக்க ரோட்டைக் கடக்கும் இடத்தில், ரோட்டையே நம் மட்டத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள். நாம் இறங்கி ஏற வேண்டியதில்லை. வண்டிகள்தான் மேடு ஏறி இறங்க வேண்டும், அதனால் தானாகவே மெதுவாக வருகின்றன. மூலையையும் நெருக்கமாக வளைத்திருக்கிறார்கள். கார் திரும்பும்போது டிரைவர் முகம் தெரிகிறது, அவரும் என் முகத்தைப் பார்க்கிறார். 5 மாதத்தில் அங்கே ஒரு தடவைகூட நான் பயந்ததில்லை.

கிழக்கே இதெல்லாம் இல்லை. பாதை ஒரு கல் விளிம்பில் வந்து முடிகிறது. பக்க ரோடு 7 மீட்டர் அகலம், மேடு இல்லை, மூலை பெரிய வளைவு. வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே திரும்புகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்றம் ஏறி வந்த சைக்கிள் வினாடிக்கு இரண்டரை மீட்டர் போகும். 7 மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட 3 வினாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் கார் வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். அதாவது நான் பத்திரமாகக் கடக்க வேண்டுமானால் 33 மீட்டர் தள்ளி வரும் காரைப் பார்க்க முடிய வேண்டும். ஆனால் பாதையின் பக்கச் சுவர் விளிம்பு வரை நீண்டிருப்பதால் 12 மீட்டர்தான் தெரிகிறது. உட்கார்ந்து ஓட்டும் எனக்கே இப்படி. என் மகனுக்குச் சுவர் தலைக்கு மேல் இருக்கிறது, அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வேகத்தின் கணக்கு இரக்கமில்லாதது. வேகம் 30லிருந்து 50ஆனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கும் இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும் சொல்கிறது. 30 என்று ஒரு பலகை இங்கேயும் நட்டிருக்கிறார்கள். ஆனால் மேற்கு வாயில் வண்டியை மெதுவாக்குவது பலகை இல்லை, அந்த மேடும் நெருக்கமான மூலையும்தான்.

அதே வாயில் மூன்று இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், கார் உள்ளே வந்துவிடக் கூடாது என்று. எண்ணம் புரிகிறது. கம்பத்துக்குக் கம்பம் 1.1 மீட்டர். கறுப்புப் பெயின்ட். ஒரு சாயங்காலம் எனக்கு முன்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் என் மகன், கடைசியில் நான். முன்னால் போனவர் கம்பத்தைக் கண்டு சட்டென்று ஒதுங்கினார். அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்குக் கம்பம் தெரிந்தபோது அது முன்சக்கரத்தில் இருந்தது. முகவாயில் நான்கு தையல். "பிரேக் புடிச்சேம்மா, ஆனா முன்னாடியே நின்னுச்சும்மா" என்று அழுதுகொண்டே சொன்னான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. பாதையின் நடுவில் நிற்கும் எந்தப் பொருளும் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துதான் இருக்கும். கம்பம் இல்லாமல் முடியாது என்றால் ஒன்றே ஒன்று போதும். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டு, ஒளி திருப்பும் பட்டை ஒட்டி, அதற்குப் பல மீட்டர் முன்பிருந்தே தரையில் வெள்ளைக் கோட்டால் கண்ணை ஒதுக்கிவிட வேண்டும். மூன்று சக்கர வண்டியும் அகலமான சக்கர நாற்காலியும் 1.1 மீட்டரில் எவ்வளவு திணறுகின்றன என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றால் பார்க்கலாம்.

பார்வையில்லாதவர்களுக்கான ஓடுகளும் அங்கேதான் தவறிவிட்டன. காலால் தொட்டு உணரும் இந்த ஓட்டை ஜப்பானில் செய்இச்சி மியாக்கே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் உள்ள ஓடு என்றால் இந்த வழியாகப் போகலாம் என்று பொருள். புள்ளிகள் உள்ள ஓடு என்றால் நில், முன்னால் ஆபத்து. பாதை முழுக்கக் கோட்டு ஓடுகளை ஒழுங்காகப் பதித்திருக்கிறார்கள். மேற்கு வாயில் கடைசியில் புள்ளி ஓடும் இருக்கிறது. கிழக்கில் அந்தக் கடைசி வரிசையைப் போடவே இல்லை. எங்கள் தெருவில் வெள்ளைக் கைத்தடியோடு நடக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரை நானே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். மேற்கிலிருந்து நடுப்பகுதி வரை என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார், அவ்வளவு நிம்மதியாக. கிழக்கே வந்ததும் தடியால் இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு நின்றார். "ஓடு நேராப் போன்னுதாம்மா சொல்லுது. நேராப் போனா ரோடு வந்துருது" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தனியாகப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஓடுகள் பதிக்கும் வேலை அது.

அளவுகளையும் படங்களையும் வைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெரியவரும் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரத்தில் கம்பங்களில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டிவிட்டார்கள். அதற்கு நன்றி. ஆனால் கம்பங்களைக் குறைக்கவில்லை. வடிகால் மூடிக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போனார். சுவர், மேடு, ஓடு பற்றி இன்னும் பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி போகப் போகிறேன். இந்த முறை சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரைக்கும் இந்தப் பாதையில் வருகிறவர்களுக்கு: தாராளமாக வாருங்கள், பெரியவர்களையும் அழைத்து வாருங்கள், மழை நாளில் ரோட்டை நம்பாமல் மேல் பாதையிலேயே வாருங்கள். இறங்கும்போது படிக்கட்டுச் சுவர் கண்ணில் பட்டதும் மணி அடித்துவிடுங்கள். மெல்லிய டயர் உள்ளவர்கள் கிழக்கே வடிகால் மூடிக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். குழந்தை கூட இருந்தால் அந்தக் கல் விளிம்பில் நீங்கள் முதலில் நின்று, சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்த பிறகு கூப்பிடுங்கள். நானும் என் மகனும் இப்போது கடைசி பத்து மீட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறோம், நான் முன்னால், அவன் பின்னால்.